மூடுலும் கூகுள் டாக்ஸும் முதலில், மற்றவை தேவைப்பட்டால்: கல்லூரி வகுப்புக்கான கருவிகள், ஒரு மதிப்பாய்வு

ஒரு பாடத்துக்கு எந்தக் கருவி ஏற்றது என்று முடிவு செய்யும்போது ஒரே ஒரு கேள்வியை முன்னால் வைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். மாணவர் வேலையை முடித்துத் தருவதற்கு முன்பே, அது எப்படி உருவாகிறது என்று ஆசிரியரால் பார்க்க முடிகிறதா? பார்த்த இடத்திலேயே ஒரு வார்த்தை சொல்ல முடிகிறதா? முடிந்த கட்டுரையை வாங்கி மதிப்பெண் போட மின்னஞ்சலே போதும். அதற்காக ஒரு புதிய தளமும் புதிய கடவுச்சொல்லும் யாருக்கும் தேவையில்லை.

இந்த அளவுகோலில் முன்னால் நிற்பவை இரண்டு. தேர்வுக்கும் சக மாணவர் மதிப்பீட்டுக்கும் மூடுல் என்ற கற்றல் மேலாண்மைத் தளம். குழுவாக எழுதும் வேலைக்கு கூகுள் டாக்ஸ். மற்றவற்றுக்கும் இடம் உண்டு, ஆனால் ஒரு பருவத்துக்கு மூன்று கருவிக்கு மேல் மாணவர்மேல் ஏற்றினால் பாடம் படிக்க வேண்டிய நேரம் கருவியைப் படிப்பதில் போய்விடும். இரண்டுமே அமைப்புகளைச் சரியாக வைத்தால் மட்டும் நன்றாக வேலை செய்பவை. எங்கே தவறுகிறது, ஏன் தவறுகிறது என்பதுதான் இந்த மதிப்பாய்வின் பெரும்பகுதி.

மூடுல்: உயிர் தேர்வுப் பகுதியில்

ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் மார்ட்டின் டூகியாமாஸ் தொடங்கிய மூடுலின் 1.0 பதிப்பு 2002 ஆகஸ்டில் வெளியானது. திறந்த மூல மென்பொருள் என்பதால் உரிமக் கட்டணம் கிடையாது. ஆனால் சர்வர் வேண்டும், அதைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆளும் வேண்டும். இந்தச் செலவைக் கணக்கில் சேர்க்காமல் நிறுவும் இடங்களில்தான் மூடுல் கெட்ட பெயர் வாங்குகிறது. 2022 ஏப்ரலில் வந்த 4.0 பதிப்பு பாடப் பக்கத்தின் தோற்றத்தையே மாற்றி அமைத்தது. அதற்கு முந்தைய பதிப்பைப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று ஒதுக்கியவர்கள் இன்னொரு முறை பார்க்கலாம்.

தேர்வு உருவாக்கும் பக்கத்தில் ‘கொஸ்டின் பிஹேவியர்’ என்ற பகுதி மடங்கிக் கிடக்கும். பலர் அதைத் திறப்பதே இல்லை. திறக்காமல் விட்டால் ‘டெஃபர்டு ஃபீட்பேக்’ முறையில் தேர்வு நடக்கும். அதாவது எல்லாம் எழுதிச் சமர்ப்பித்த பிறகே சரியா தவறா என்று தெரியும். இறுதித் தேர்வுக்கு இது பொருத்தம். வாராந்திரப் பயிற்சிக்கு ‘இன்டராக்டிவ் வித் மல்டிபிள் ட்ரைஸ்’ என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மாணவர் தவறாக விடையளித்தால் ஒரு குறிப்பு காட்டி மறுபடி முயலச் சொல்லும். இங்கே ஒரு சிக்கல் உண்டு. எத்தனை முயற்சி என்பது நீங்கள் அந்த வினாவுக்கு எழுதிய குறிப்புகளின் எண்ணிக்கையைப் பொறுத்தது. இரண்டு குறிப்பு எழுதினால் மூன்று முயற்சி. குறிப்பே எழுதாவிட்டால் ஒரே முயற்சிதான், முறையின் பெயர் என்னவாக இருந்தாலும். ஒவ்வொரு தவறான முயற்சிக்கும் வழக்கமாக 33.33 விழுக்காடு கழியும். பயிற்சித் தேர்வில் இதை 10 விழுக்காடாகக் குறைத்து வைப்பது நல்லது. தவறு செய்ய அஞ்சும் மாணவர் பயிற்சியையே தவிர்ப்பார்.

அதிகம் பேர் அறியாத இன்னொரு முறை ‘சர்ட்டன்டி பேஸ்டு மார்க்கிங்’. இலண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் டோனி கார்ட்னர்-மெட்வின் வளர்த்தெடுத்த முறை இது. விடையோடு சேர்த்து, அந்த விடையில் தனக்கு எவ்வளவு உறுதி என்பதையும் மாணவர் மூன்று படிகளில் குறிக்க வேண்டும். சரியாக இருந்தால் 1, 2, 3 மதிப்பெண். தவறாக இருந்தால் 0, கழித்தல் 2, கழித்தல் 6. உறுதியாகத் தவறாக நம்புகிறவரையும் தெரியாமல் ஊகிப்பவரையும் சாதாரணத் தேர்வு ஒரே தட்டில் வைத்துவிடும். இது பிரித்துக் காட்டும். மருத்துவம், மருந்தியல், மின்பொறியியல் போன்று தவறான உறுதி ஆபத்தாக முடியும் பாடங்களுக்கு இதைவிட நல்ல பயிற்சி முறை மூடுலில் இல்லை. முதல் இரண்டு முறை மதிப்பெண்ணைக் கணக்கில் சேர்க்காமல் நடத்துங்கள். கழித்தல் 6 என்பதைப் பார்த்ததும் மாணவர்கள் பதறுவார்கள்.

விடை கசிவது பெரும்பாலும் ‘ரெவ்யூ ஆப்ஷன்ஸ்’ பகுதியின் வழியாகத்தான். அங்கே நான்கு நிரல்கள் (செங்குத்து வரிசைகள்) இருக்கும்: தேர்வு எழுதும்போது, முடித்த உடனே, தேர்வு இன்னும் திறந்திருக்கும் வரை, தேர்வு மூடிய பிறகு. முதல் மூன்று நிரல்களிலும் ‘ரைட் ஆன்ஸர்’ என்ற பெட்டியின் குறியை எடுத்துவிட வேண்டும். எடுக்காவிட்டால் முதலில் முடித்த மாணவரின் திரையில் எல்லா விடைகளும் தெரியும், பத்து நிமிடத்தில் அது வகுப்பு முழுவதும் போய்விடும். கடைசி நிரலில் மட்டும் குறி இருக்கட்டும்.

வினாக்களைத் தேர்வுக்குள் நேரடியாக எழுதாமல் வினா வங்கியில் தலைப்புவாரியாக எழுதுங்கள். ஒரு தலைப்பில் 12 வினா எழுதி அதிலிருந்து 3 வினாவைத் தற்செயலாக எடுக்கச் சொன்னால் பக்கத்தில் இருப்பவருக்கு வேறு வினா வரும். அப்படி எடுக்கும்போது ஒரே தலைப்புக்குள் எளிய வினாவும் கடின வினாவும் கலந்திருந்தால் ஒருவருக்கு மூன்றும் எளிதாகவும் இன்னொருவருக்கு மூன்றும் கடினமாகவும் அமைந்துவிடும். எளிது, நடுத்தரம், கடினம் என்று உட்பிரிவு வைத்து ஒவ்வொன்றிலிருந்தும் ஒன்று எடுப்பதே நியாயம். தெரிவுகளைக் கலைத்துப்போடும் வசதியை இயக்கியிருந்தால் ‘மேற்கண்ட அனைத்தும்’ என்ற தெரிவை வைக்கக் கூடாது. அது முதல் வரிசைக்கு வந்து நின்றால் மேலே எதுவுமே இருக்காது.

கையில் ஏற்கெனவே வினாத்தாள் இருந்தால் ஒவ்வொன்றாகத் தட்ட வேண்டியதில்லை. ‘எய்க்கன்’ என்ற எளிய வடிவத்தில் எழுதி ஒரே தடவையில் ஏற்றலாம். வினா ஒரு வரியில். தெரிவுகள் ஒவ்வொன்றும் தனி வரியில், ஆங்கிலப் பேரெழுத்து, முற்றுப்புள்ளி, இடைவெளி என்று தொடங்க வேண்டும். கடைசி வரியில் ‘ஆன்ஸர்’ என்ற ஆங்கிலச் சொல் முழுவதும் பேரெழுத்தில், முக்காற்புள்ளி, இடைவெளி, சரியான எழுத்து. வினா தமிழில் இருந்தாலும் இந்த அடையாளங்கள் ஆங்கிலத்தில்தான் இருக்க வேண்டும். கோப்பை வெறும் உரைக் கோப்பாக, யூடிஎஃப்-8 குறியாக்கத்தில் சேமியுங்கள். வேர்டு கோப்பை அப்படியே ஏற்றினால் ஏறாது. வினாவே இரண்டு வரிக்கு உடைந்திருந்தாலும் பிழை காட்டி நிற்கும்.

தமிழில் ஒரு சொல் விடை கேட்கும் வினாக்களில் தனிச் சிக்கல் உண்டு. ‘ஒளிச்சேர்க்கை’ என்று விடை வைத்திருப்பீர்கள், மாணவர் ‘ஒளிச் சேர்க்கை’ என்று இடைவெளி விட்டு எழுதுவார். கணினி தவறு என்று போடும். சொல்லின் நடுவில் சந்தேகமான இடத்தில் நட்சத்திரக் குறி போட்டால் அங்கே எது இருந்தாலும், எதுவுமே இல்லாவிட்டாலும், ஏற்றுக்கொள்ளும். ஒற்று விடுபட்ட வடிவத்தையும் இன்னொரு விடையாகச் சேர்த்து முழு மதிப்பெண் கொடுங்கள். அறிவியல் பாடத்தில் சந்திப்பிழைக்காக மதிப்பெண் போவது முறையில்லை. எண் விடை கேட்கும் வினாக்களிலும் இதே கவனம் வேண்டும். இடைப்படிகளில் முழுமையாக்கிக் கணக்கிடும் மாணவரின் விடை கடைசி இலக்கத்தில் சற்று விலகும். ஏற்கும் எல்லையை விடையின் 1 அல்லது 2 விழுக்காட்டுக்குச் சமமான எண்ணாக வைக்காவிட்டால் முறை தெரிந்தவரும் பூஜ்யம் வாங்குவார்.

தேர்வு முடிந்த பிறகு ‘ஸ்டாட்டிஸ்டிக்ஸ்’ அறிக்கையை ஒரு முறையாவது திறந்து பாருங்கள். ஒவ்வொரு வினாவுக்கும் எளிமைக் குறியீடு ஒன்றும் வேறுபடுத்தும் குறியீடு ஒன்றும் இருக்கும். முதலாவது சராசரியாக எத்தனை விழுக்காடு மதிப்பெண் பெற்றார்கள் என்பது. இரண்டாவதுதான் முக்கியம். மொத்தத்தில் நன்றாக எழுதியவர்கள் இந்த வினாவையும் சரியாக எழுதினார்களா என்று அது சொல்லும். அந்த எண் கழித்தலில் வந்தால் நல்ல மாணவர்கள் தவறவிட்டு மற்றவர்கள் சரியாகக் குறித்திருக்கிறார்கள் என்று பொருள். பெரும்பாலும் விடைக்குறிப்பிலேயே பிழை இருக்கும், இல்லையேல் வினா இரு பொருள்படும். விடைக்குறிப்பைத் திருத்திவிட்டு மறுமதிப்பீடு பொத்தானை அழுத்தினால் எல்லோருக்கும் மதிப்பெண் மாறிவிடும். காகிதத் தேர்வில் இப்படி ஒரு பிழை கண்ணில் படவே படாது.

சர்வர் படுத்துக்கொள்வது தேர்வு நாளில்தான். ஒரு ஜிபி நினைவகத்துக்கு ஒரே நேரத்தில் 10 முதல் 20 பேர் என்பது மூடுலின் தோராயக் கணக்கு. 200 பேர் சரியாகப் பத்து மணிக்கு ‘தொடங்கு’ பொத்தானை அழுத்தினால் அந்த ஒரு நிமிடம்தான் நெருக்கடி. பிரிவு வாரியாகப் பத்து நிமிட இடைவெளியில் திறக்க வைத்தால் அதே சர்வர் தாங்கும். ஒரு பக்கத்துக்கு ஒரு வினா என்று வைத்தால் சுமை கூடும். எல்லா வினாவையும் ஒரே பக்கத்தில் வைத்தால், இணைப்பு அறுந்தவர் கடைசியாக எழுதியதை இழக்கக்கூடும். தானியங்கிச் சேமிப்பு இருந்தாலும் ஒரு பக்கத்துக்கு ஐந்து வினா என்பது நடுவாக இருக்கிறது.

சக மதிப்பீடு: ‘வொர்க்‌ஷாப்’

மாணவர் ஒருவர் மற்றவர் எழுதியதைப் படித்து மதிப்பிடும்போது, தன் கட்டுரையில் என்ன குறை என்பது அவருக்கே தெரிய வருகிறது. இதை ஒழுங்காக நடத்தித் தரும் கருவி மூடுலின் வொர்க்‌ஷாப். பழகக் கடினமானது என்பதில் சந்தேகமில்லை. ஆனாலும் உழைப்புக்கு முழுப் பலன் தருவது.

ஐந்து கட்டங்கள்: அமைத்தல், சமர்ப்பித்தல், மதிப்பிடுதல், மதிப்பீட்டை மதிப்பிடுதல், மூடுதல். மாணவருக்கு இரண்டு மதிப்பெண் கிடைக்கும். தன் வேலைக்கு ஒன்று, மற்றவர் வேலையை எவ்வளவு கவனமாக மதிப்பிட்டார் என்பதற்கு ஒன்று. வழக்கமாக 80, 20 என்று பிரிந்திருக்கும். முதல் முறை நடத்தும்போது 60, 40 என்று வைத்தால் மதிப்பிடும் வேலையை மாணவர்கள் பொருட்படுத்துவார்கள்.

இரண்டாவது மதிப்பெண்ணை மூடுல் எப்படிக் கணக்கிடுகிறது என்று தெரியாமல் நடத்தினால் புகார் வரும். ஒரு கட்டுரைக்கு வந்த மதிப்பீடுகளின் சராசரிக்கு மிக அருகில் இருப்பதை அது சிறந்ததாகக் கொள்கிறது. அதிலிருந்து எவ்வளவு விலகுகிறதோ அந்த அளவுக்கு மற்றவற்றுக்கு மதிப்பெண் குறையும். ஒரு கட்டுரைக்கு இரண்டே மதிப்பீட்டாளர் என்றால் இருவருமே சராசரியிலிருந்து ஒரே தொலைவில் இருப்பார்கள், ஒப்பீட்டுக்கே பொருளில்லை. குறைந்தது மூன்று, முடிந்தால் நான்கு. கட்டுரை 800 சொல்லுக்கு மேல் போனால் நான்கைப் படிக்க மாணவருக்கு நேரம் இருக்காது, ஆகவே கட்டுரையைச் சுருக்குங்கள். மதிப்பீட்டு அளவுகோலில் நான்கு வரிக்கு மேல் வேண்டாம்.

நடுவில் சறுக்கும் இடங்கள் மூன்று. கட்டுரைகளைப் பங்கிட்டுக் கொடுக்காமலே மதிப்பிடும் கட்டத்துக்குப் போவது. அப்போது மாணவர் திரையில் மதிப்பிட எதுவும் இருக்காது. நான்காம் கட்டத்தில் மறுகணக்கீடு பொத்தானை அழுத்த மறப்பது. கடைசியாக ‘மூடுதல்’ கட்டத்துக்கு மாற்றாமல் விடுவது. அதுவரை மதிப்பெண் பதிவேட்டில் எதுவும் ஏறாது. ஆசிரியர் எல்லாம் முடிந்தது என்று நினைத்திருப்பார், மாணவர்கள் வாரக்கணக்கில் காத்திருப்பார்கள்.

பதிவேட்டைப் பற்றி ஒன்று கட்டாயம் சொல்ல வேண்டும். ‘எக்ஸ்க்ளூட் எம்ப்டி கிரேட்ஸ்’ என்ற அமைப்பு வழக்கமாக இயக்கத்தில் இருக்கும். சமர்ப்பிக்காத வேலை பூஜ்யமாகக் கருதப்படாது, கணக்கிலேயே வராது. பத்து வேலையில் ஒன்றை மட்டும் செய்து அதில் முழு மதிப்பெண் வாங்கியவருக்கு மொத்தம் 100 விழுக்காடு என்று காட்டும். பருவம் முழுக்க அவர் நிம்மதியாக இருப்பார், கடைசி வாரத்தில் நீங்கள் அமைப்பை மாற்றும்போது அதிர்ந்துபோவார். ஒவ்வொரு கெடு முடிந்த உடனும் சமர்ப்பிக்காதவர்களுக்குப் பூஜ்யத்தைக் கையால் நிரப்புவதே நேர்மையான வழி. மொத்தமாக நிரப்பும் வசதி பதிவேட்டிலேயே இருக்கிறது.

விவாத மன்றங்களில் ‘கியூ அண்ட் ஏ’ வகை ஒன்று உண்டு. தன் பதிலை எழுதிய பிறகே மற்றவர் பதில் தெரியும். பதிலை எழுதியதும் மற்றவை தெரியவில்லை என்று மாணவர்கள் முறையிடுவார்கள். திருத்துவதற்கான நேரம், வழக்கமாக 30 நிமிடம், கடந்த பிறகே திறக்கும். இதை வினாவின் கீழேயே எழுதிவிடுங்கள்.

கூகுள் கிளாஸ்ரூமும் டாக்ஸும்

மாணவருக்கு வேலை கொடுத்துத் திரும்ப வாங்கும் கூகுளின் தளமான கிளாஸ்ரூம் 2014 ஆகஸ்டில் வந்தது. அரை மணி நேரத்தில் ஒரு வகுப்பை ஆரம்பித்துவிடலாம், சர்வர் கவலை இல்லை. ஆனால் தேர்வு என்று வந்தால் இணையப் படிவக் கருவியான கூகுள் ஃபார்ம்ஸைத்தான் சார்ந்திருக்க வேண்டும். மூடுலின் வினா வங்கிக்கும் அறிக்கைகளுக்கும் அது பக்கத்தில்கூட வராது. கிளாஸ்ரூமின் மதிப்பு டாக்ஸை மாணவர் கைக்குக் கொண்டுசேர்ப்பதில் இருக்கிறது.

ஒரு டாக்ஸ் கோப்பை இணைக்கும்போது மூன்று தெரிவுகள் வரும்: மாணவர் பார்க்கலாம், மாணவர் திருத்தலாம், ஒவ்வொருவருக்கும் ஒரு நகல். தனி வேலைக்கு மூன்றாவது. இதை வெளியிடும் முன்பே தேர்ந்தெடுக்க வேண்டும். வெளியிட்ட பிறகு நகல் முறைக்கு மாற்ற முடியாது, அந்த வேலையை நீக்கிவிட்டு மறுபடி போட வேண்டியதுதான். அவசரத்தில் ‘திருத்தலாம்’ என்று போட்டுவிட்டால் அறுபது பேரும் ஒரே கோப்பில் ஒருவர்மேல் ஒருவர் எழுதுவார்கள்.

நகல் முறையின் உண்மையான பலன் பலர் கவனிக்காதது. மாணவர் சமர்ப்பிக்கும் முன்பே ஆசிரியர் அந்த நகலைத் திறந்து பார்க்கலாம், ஓரத்தில் குறிப்பு எழுதலாம். கெடுவுக்கு நான்கு நாள் முன்னால் எல்லாக் கோப்புகளையும் ஒரு முறை புரட்டி, ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு கேள்வி மட்டும் எழுதுங்கள். ‘இந்தக் கூற்றுக்கு ஆதாரம் எங்கே?’ போதும். முடிந்த கட்டுரையின்மேல் எழுதும் பத்துக் குறிப்பைவிட எழுதிக்கொண்டிருக்கும் கட்டுரையில் எழுதும் ஒரு கேள்வி அதிகம் செய்யும். இன்னும் திறக்கப்படாத கோப்புகளும் அப்போதே தெரிந்துவிடும். சமர்ப்பித்ததும் மாணவரின் திருத்தும் உரிமை பூட்டப்படும், நீங்கள் திருப்பி அனுப்பினாலோ மாணவரே சமர்ப்பிப்பைத் திரும்பப் பெற்றாலோதான் மறுபடி கிடைக்கும். மதிப்பெண் மட்டும் போட்டு ‘ரிட்டர்ன்’ அழுத்தாமல் விட்டால் மாணவருக்கு மதிப்பெண்ணே தெரியாது. இது அடிக்கடி நடக்கிறது.

குழு வேலைக்கு டாக்ஸின் பதிப்பு வரலாறு போல் உதவும் வசதி வேறெதுவும் இல்லை. நால்வர் குழுவில் ஒருவரே எல்லாம் எழுதினார் என்ற பழைய தகராறை அது பெரும்பாலும் தீர்த்துவைக்கிறது. ஃபைல் பட்டியலில் ‘வெர்ஷன் ஹிஸ்டரி’யைத் திறந்தால் வலப்பக்கத்தில் நாள், நேர வரிசையில் பதிப்புகள் நிற்கும், ஒவ்வொருவர் எழுதியதும் தனி நிறத்தில். பதிப்புக்குப் பக்கத்தில் உள்ள சிறு அம்பை அழுத்தினால் உள்ளே நுட்பமான பதிப்புகள் விரியும். தேவையான கட்டங்களுக்குப் பெயர் வைக்கலாம். ‘முதல் வரைவு’, ‘கருத்துரைக்குப் பின்’ என்று மாணவர்களையே பெயரிடச் சொன்னால் மதிப்பிடும் நேரம் பாதியாகும்.

அந்த வரலாற்றை நம்புவதற்கும் வரம்பு உண்டு. வேறிடத்தில் எழுதி ஒட்டியது ஒரே கணத்தில் முளைத்த பெரிய பத்தியாகத் தெரியும். அது திருட்டு என்று உடனே முடிவுகட்டக் கூடாது. கைபேசியில் குறிப்பெடுத்து ஒட்டியிருக்கலாம், இணைப்பு இல்லாத இடத்தில் எழுதியிருக்கலாம். கேட்டுப் பார்க்க ஒரு காரணம் கிடைத்தது, அவ்வளவே. நால்வரும் சேர்ந்து பேசி ஒருவர் தட்டினால் தட்டியவர் பெயரே தெரியும். ஆகவே கோப்பின் கடைசியில் ஒவ்வொருவரும் என்ன செய்தார் என்று மூன்று வரி எழுதச் சொல்லுங்கள். வரலாறும் அந்த மூன்று வரியும் பொருந்தினால் பிரச்சினையே இல்லை. கோப்பை நகலெடுத்தால் வரலாறு நகலோடு வராது. வேர்டாக இறக்கி ஏற்றினாலும் வராது. குழுவுக்கான கோப்பை ஆசிரியரே உருவாக்கி, அந்த நால்வருக்கு மட்டும் திருத்தும் உரிமையோடு கொடுத்து, அதே கோப்பில்தான் எழுத வேண்டும் என்பதை விதியாக்க வேண்டும்.

செயற்கை நுண்ணறிவு எழுதித் தரும் இந்நாளில் இதற்கு இன்னும் மதிப்புக் கூடியிருக்கிறது. எழுத்தைப் பார்த்து இயந்திரம் எழுதியதா என்று சொல்லும் கருவிகள் தானே எழுதிய மாணவரையும் குற்றவாளியாக்கிவிடுகின்றன. அவற்றை மட்டும் வைத்து ஒருவரைத் தண்டிப்பது நியாயமற்றது. ஒத்த பகுதிகளைக் காட்டும் மென்பொருள் தரும் விழுக்காடும் திருட்டின் அளவல்ல. மேற்கோளும் நூற்பட்டியலும் அதில் சேர்ந்தே எண்ணப்படலாம், அவற்றை விலக்கிவிட்டுத்தான் எண்ணைப் பார்க்க வேண்டும். மூன்று வாரம் வளர்ந்த ஒரு கோப்பின் வரலாறும் பத்து நிமிட உரையாடலும் இவற்றைவிடத் தெளிவாகப் பேசும்.

நேரலை வகுப்பு

காணொளிக் கூட்டச் செயலியான ஜூமின் பலம், வகுப்பைச் சிறு குழுக்களாகப் பிரித்துப் பேச வைக்கும் பிரிவறைகள். இலவசக் கணக்கில் 40 நிமிடத்தில் கூட்டம் முடிந்துவிடும் என்பது தெரிந்ததே. பிரிவறைக்கு அனுப்பும் முன் கேள்வியை அரட்டையில் எழுதுவதோடு நிறுத்தாமல் டாக்ஸ் கோப்பிலும் எழுதி அதன் இணைப்பைக் கொடுங்கள். அறைக்குள் போனதும் உங்கள் திரை அவர்களுக்குத் தெரியாது, என்ன கேட்டீர்கள் என்பதே மறந்துபோகும். ஒவ்வொரு அறைக்கும் கோப்பில் ஒரு பக்கம். அவர்கள் எழுதுவதை நீங்கள் ஒரே இடத்திலிருந்து பார்க்கலாம், எந்தப் பக்கம் வெறுமையாக இருக்கிறதோ அந்த அறைக்குப் போகலாம். வரிசையாக ஒவ்வொரு அறையாக எட்டிப் பார்ப்பதைவிட இது பல மடங்கு மேல். கிளவுடு பதிவு முதன்மை அறையை மட்டுமே பதியும், பிரிவறைப் பேச்சு அதில் இருக்காது. 

நேரலை வகுப்புக்கான இன்னொரு மென்பொருள் பிக்புளூபட்டன். திறந்த மூலம், 4.0 முதல் மூடுலோடே வருகிறது. இணைப்பு எளிது, ஆனால் அதைச் சொந்தமாக நடத்த எட்டு கோர் கொண்ட செயலியும் 16 ஜிபி நினைவகமும் உள்ள தனிச் சர்வர் வேண்டும். மூடுல் இருக்கும் சர்வரிலேயே அதையும் ஏற்றுவது இரண்டையும் கெடுக்கும். நூறு பேருக்கு மேல் கேமராவைத் திறந்தால் எந்தச் சர்வரும் திணறும். பேசுபவர் கேமரா மட்டும் போதும் என்று அமைத்துவிடுங்கள்.

வகுப்பின் நடுவே வாக்கெடுக்க மென்டிமீட்டர் போன்றவை. வண்ணச் சொல்மேகம் போடுவதற்கு மட்டும் பயன்படுத்தினால் நேரம் வீண். ஹார்வர்டின் இயற்பியல் பேராசிரியர் எரிக் மசூர் வகுத்த சக போதனை முறையோடு சேர்த்தால் இதே கருவி வேறு உயரத்துக்குப் போகிறது. கருத்தைச் சோதிக்கும் ஒரு கேள்வி, தனித்தனியாக வாக்கு. சரியான விடை 30 விழுக்காட்டுக்குக் கீழே என்றால் மறுபடி நடத்துங்கள். 30க்கும் 70க்கும் இடையில் என்றால் பக்கத்தில் இருப்பவரோடு இரண்டு மூன்று நிமிடம் வாதாடச் சொல்லி மறுபடி வாக்கெடுங்கள். 70ஐத் தாண்டினால் சுருக்கமாக விளக்கிவிட்டு நகருங்கள். முதல் வாக்கின் முடிவைத் திரையில் காட்டவே கூடாது. காட்டினால் பெரும்பான்மைப் பக்கம் எல்லோரும் சாய்ந்துவிடுவார்கள், வாதமே நடக்காது. மென்டிமீட்டரில் முடிவை மறைக்கும் வசதி இருக்கிறது.

வினாடிவினா விளையாட்டுக் கருவியான கஹூட்டில் வேகத்துக்குப் புள்ளி. சூத்திரம் நினைவிருக்கிறதா என்று பார்க்கலாம், யோசிக்க வைக்கும் கேள்விக்கு ஆகாது. இணைப்பு மெதுவாக உள்ள மாணவர் தெரிந்தும் தோற்பார்.

சேர்ந்து படித்தல்

ஹைப்பாதிசிஸும் பெரூசலும் ஒரு கட்டுரையின் ஓரத்தில் வகுப்பே சேர்ந்து குறிப்பெழுத வைப்பவை. பெரூசல் குறிப்புகளுக்குத் தானே மதிப்பெண்ணும் போடும். அந்த மதிப்பெண்ணை நம்ப வேண்டாம், நீளமாக எழுதப் பழக்கும். ‘படித்துவிட்டு வாருங்கள்’ என்று சொல்வதைவிட ‘உங்களுக்குப் புரியாத இரண்டு வாக்கியத்தைக் குறித்து, இன்னொருவர் குறித்ததில் ஒன்றுக்கு விளக்கம் எழுதுங்கள்’ என்பது எந்த வகுப்பையும் மாற்றும். வகுப்புக்குள் நுழையும் முன்பே எந்தப் பத்தியில் எல்லோரும் தடுமாறினார்கள் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

இங்கே தமிழ்ப் பாடங்களுக்குப் பெரிய தடை கோப்புதான். ஸ்கேன் செய்த பிடிஎஃப் வெறும் படம், அதில் எழுத்தைத் தேர்ந்தெடுக்க முடியாது. படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்கும் எழுத்துணரி வழியாக ஒரு முறை செலுத்திய பிறகே ஏற்ற வேண்டும். இன்னொரு வகை இன்னும் ஏமாற்றும். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டிய கோப்பு கண்ணுக்குத் தமிழாகத் தெரியும், ஆனால் உள்ளே இருப்பது ஆங்கிலக் குறிகள். ஒரு வரியைத் தேர்ந்தெடுத்து வேறிடத்தில் ஒட்டிப் பாருங்கள். பொருளற்ற ஆங்கில எழுத்துகள் வந்தால் அந்தக் கோப்பு தேடவும் குறிப்பெழுதவும் பார்வையற்ற மாணவரின் திரைவாசிப்பானுக்கும் பயன்படாது. தமிழ் எழுத்தைத் தமிழாகவே சேமிக்கும் யூனிகோடுக்கு மாற்றிவிட்டு ஏற்றுங்கள்.

வகுப்பே பகிர்ந்துகொள்ளும் மின்குறிப்பேடான ஒன்நோட் வகுப்பேடு, மைக்ரோசாஃப்ட் கணக்கு ஏற்கெனவே உள்ள கல்லூரிக்கு நல்லது. கணக்கும் படமும் கையால் எழுதும் பாடங்களுக்குக் குறிப்பாக ஏற்றது. கூட்டுப் பகுதியில் எவரும் எவருடையதையும் அழிக்க முடியும் என்பதை மறக்க வேண்டாம், வேலை முடிந்த பகுதியைப் பூட்டிவையுங்கள். வாட்ஸ்அப் குழு அறிவிப்புக்கு மட்டும். அதில் வேலையை வாங்கினால் யார் எப்போது தந்தார் என்பதைப் பருவக் கடைசியில் தேடி எடுக்க முடியாது.

தொடங்கும் முன்னும் முடித்த பின்னும்

புதிய எதையும் வகுப்பில் விடும் முன் ஒரு போலி மாணவர் கணக்கை உருவாக்கி, கைபேசியில் நுழைந்து, முழுவதும் செய்து பாருங்கள். மூடுலில் ‘மாணவராகப் பார்’ என்று மாறும் வசதி இருக்கிறது, ஆனால் அது போதாது. குழுப் பிரிப்பும் மின்னஞ்சல் அறிவிப்பும் உண்மையான கணக்கில்தான் சரியாகத் தெரியும். முதல் வாரத்தில் மதிப்பெண் இல்லாத ஒரு சிறு வேலை கொடுங்கள், ஒரு படம் எடுத்துப் பதிவேற்றச் சொன்னால் போதும். கடவுச்சொல் மறந்தவர், கோப்பு அளவு மீறியவர் எல்லோரும் அப்போதே தெரிந்துவிடுவார்கள். கோப்பு ஏறவில்லை என்றால் மூடுலில் வைத்த அளவை மட்டும் கூட்டிப் பயனில்லை. மூடுல் எழுதப்பட்ட நிரல் மொழியான பிஎச்பிக்குச் சர்வரில் உள்ள அமைப்பில் பதிவேற்ற அளவும் போஸ்ட் (ஒரே தடவையில் அனுப்பும் தரவின்) அளவும் அதைவிடக் குறைவாக இருந்தால் அதுவே எல்லை.

கருவிகள் மறைந்தும் போகின்றன. கூகுளின் ஜாம்போர்டு வெண்பலகை 2024 டிசம்பர் 31 அன்று மூடப்பட்டது. அதே ஆண்டில் மைக்ரோசாஃப்ட் ஃப்ளிப் என்ற காணொளித் தளத்தையும் தனிச் சேவையாக நிறுத்தியது. எதில் பாடம் கட்டினாலும் அதை வெளியே எடுக்கும் வழி என்ன என்று முதல் நாளே பாருங்கள். மூடுலில் பருவம் முடிந்ததும் பாடத்தை இரண்டு முறை காப்பெடுக்க வேண்டும். மாணவர் தரவோடு ஒன்று, பதிவுக்காக. தரவு இல்லாமல் ஒன்று, அடுத்த பருவத்தில் மீட்டெடுக்க. கூகுளில் மாணவர் உருவாக்கிய கோப்பின் உரிமையாளர் மாணவரே. படிப்பு முடிந்து அவர் கணக்கை நிர்வாகம் நீக்கும்போது அந்தக் கோப்பும் போய்விடும், அதோடு நீங்கள் எழுதிய குறிப்புகளும். துறைக்குத் தேவையான திட்ட அறிக்கைகளைப் பகிர்ந்த டிரைவ் ஒன்றில் தொடக்கத்திலிருந்தே எழுத வைத்தால் அங்கே உரிமை கல்லூரியுடையது, வரலாறும் அப்படியே இருக்கும்.